காத்திருக்கவைத்தல் என்னும் அதிகாரம்: நேர்முகத் தேர்வு குறித்துச் சில குறிப்புகள்

என் தங்கை மகள் இந்தத் தை மாதம் முழுக்க ஒரு மின்னஞ்சலுக்காகக் காத்திருந்தாள். அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி. இடம் கிடைத்தால் செலவு முழுவதும் அவர்களுடையது என்று ஏற்பாடு. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் ஒரு பதில் வந்தது. உங்கள் பகுதியில் எங்கள் முன்னாள் மாணவர் எவரேனும் இருப்பின் அவர் உங்களைத் தொடர்புகொண்டு உரையாடக்கூடும், இல்லாதபட்சத்தில் உங்கள் விண்ணப்பத்துக்கு அதனால் பாதகம் ஏதுமில்லை என்பது அதன் சாரம். எப்போது, யார், எந்தத் தேதிவரை பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்பதெல்லாம் அதில் இல்லை.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. தங்கை தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். (இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டு, ஊரில் இத்தனை பேர் ஆபீஸ் வேலைக்குப் போகிறார்களா என்று வியப்பதுண்டு.) உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்து அடித்துத் தூற்றியாகிவிட்டது. பிள்ளை கையில் போனோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் கேட்டாள்: "மாமா, நம்ம பகுதின்னா எது மாமா? கோவில்பட்டியா, தூத்துக்குடியா, தமிழ்நாடா? இங்க அவுக ஆளு யாராச்சும் இருக்காகளா?"

எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதில் இந்தத் தேர்வுமுறையின் மொத்த அரசியலும் இருப்பதாகப் படுகிறது.

முன்னாள் மாணவர் நேர்காணல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பழைய தனியார் பல்கலைக்கழகங்கள் சில, தம்மிடம் படித்துப்போனவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துவைத்திருக்கின்றன. விண்ணப்பங்கள் ஊர்வாரியாக, நாடுவாரியாக அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். அவர்கள் விண்ணப்பித்தவரைக் காப்பிக் கடையிலோ அலுவலகத்திலோ, இப்போது பெரும்பாலும் வீடியோ அழைப்பிலோ, அரை மணி, முக்கால் மணி நேரம் சந்தித்துப் பேசி ஓர் அறிக்கை எழுதி அனுப்புவார்கள். மதிப்பெண் பட்டியல் அவர்கள் கையில் தரப்படுவதில்லை. 'ஆள் எப்படி' என்பதுதான் கேட்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் சில பல்கலைக்கழகங்கள் இதைக் கைவிட்டுவிட்டன. பல இன்னும் வைத்திருக்கின்றன.

ஆக இந்த நேர்காணல் கிடைக்க வேண்டுமென்றால் உங்களுக்கு முன்பே உங்கள் ஊரிலிருந்து ஒருவர் அங்கே போய்த் திரும்பியிருக்க வேண்டும். அல்லது அப்படிப் போனவர்கள் வசிக்கும் நகரத்தில் நீங்கள் வசிக்க வேண்டும். உங்களை யாரும் விலக்கவில்லை. உங்களைச் சந்திக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். 'இல்லாததால் பாதகம் இல்லை' என்ற வாசகத்தை அவர்கள் நேர்மையாகவே எழுதியிருக்கலாம். ஆனால் இருப்பதால் ஒருவருக்குச் சாதகம் உண்டு என்றால், இல்லாதவருக்குப் பாதகம் இல்லை என்பது என்ன கணக்கு?

கரிசல் காட்டில் காத்திருப்பு என்றதும் மழையைக் கொண்டுவந்து நிறுத்துவது நம் எழுத்தில் வழக்கமாகிவிட்டது. இந்த ஒப்புமை எனக்கு உவப்பாக இல்லை. மழை யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கத்துப் புஞ்சையில் பெய்து நம் புஞ்சையை விட்டுவிட்டால், 'நாம் என்ன தப்பாக எழுதினோம்' என்று சம்சாரி தன்னையே குடைந்துகொள்வதில்லை. வானத்தை வைதுவிட்டுப் போவான். நேர்முகத் தேர்வுக்கான காத்திருப்பு வேறு வகை. எதிர்முனையில் முகம் தெரியாத ஒருவர் நம்மை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு காத்திருப்பவரைத் தன்னைத்தானே விசாரிப்பவராக மாற்றிவிடுகிறது. என் மருமகள் அனுப்பிய கட்டுரைகளைத் திரும்பத் திரும்பத் திறந்து படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பியர் பூர்தியு 1997இல் வெளிவந்த தமது 'பாஸ்கலியத் தியானங்கள்' நூலில், அதிகாரத்தை உடலால் உணரும் வழிகளில் காத்திருத்தல் முக்கியமானது என்ற பொருளில் எழுதுகிறார். பிறருடைய நேரத்தைத் தன் வசம் வைத்திருப்பவன், வேண்டாம் என்றும் சொல்லாமல் வா என்றும் சொல்லாமல் அவர்களை நம்பிக்கையிலேயே நிறுத்திவைக்கிறான். கோவில்பட்டி தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றிதழுக்கு நின்றவர்களுக்குப் பூர்தியு தேவையில்லைதான்.

இனி, 'ஆள் எப்படி' என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே மாணவரைச் சேர்த்தன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதத் தையல்காரர்கள், சிறு வியாபாரிகளின் பிள்ளைகள் இந்தத் தேர்வுகளில் தேறி உள்ளே வரத் தொடங்கினார்கள். 1922 வாக்கில் ஹார்வர்டில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தார்கள். அதன் தலைவர் லோவல் யூதர்களுக்கு வெளிப்படையாகவே ஓர் உச்சவரம்பு வைக்கப் பார்த்தார். எதிர்ப்பு கிளம்பியதால் அது நடக்கவில்லை. பிறகுதான் 'குணநலன்' என்ற அளவுகோல் முன்னுக்கு வருகிறது. விண்ணப்பத்தோடு புகைப்படம், குடும்பப் பின்னணி பற்றிய கேள்விகள், சிபாரிசுக் கடிதம், நேர்காணல். கொலம்பியா இதைச் சற்று முன்னாலேயே செய்துபார்த்திருந்தது. யூதர் எண்ணிக்கை குறைந்தது. ஜெரோம் காரபெல் 2005இல் வெளியிட்ட பெரிய ஆய்வுநூல் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. வெளியே நிறுத்தப்பட்டவர் எவருக்கும் 'நீ யூதன், அதனால் இல்லை' என்று சொல்லப்படவில்லை. தலைமைப் பண்பு போதவில்லை, பழகும் தன்மை போதவில்லை. காரணத்தை ஒருவருடைய ஆளுமைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டால் யாரிடம் போய் வாதாடுவது?

இது அங்கே நடந்தது என்று நாம் ஆறுதல்பட முடியாது. என் பெரியப்பா மகன், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பி.யூ.சி. படித்தவர், 1970இல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மருத்துவ இடங்களுக்கான முறை இது: விருப்பப் பாட மதிப்பெண் 200, நேர்முகத் தேர்வுக்கு 75, ஆக 275. சென்னை நகரக் கல்லூரிகள் ஓர் அலகு, வெளியூர்க் கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஓர் அலகு, ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனித் தேர்வுக் குழு. 200க்கு 180 வாங்கியவன் நேர்முகத்தில் 20 பெற்றால் 200. 150 வாங்கியவன் 60 பெற்றால் 210. கணக்கு அவ்வளவு எளிது.

அண்ணன் இன்டர்வியூ கார்டுக்காகக் காத்திருந்ததை என் சிறுவயது ஞாபகமாக இன்னும் வைத்திருக்கிறேன். தபால்காரர் சைக்கிள் ஊருணிக் கரையில் திரும்பும்போதே எழுந்து போய்விடுவார். ஊரே கேட்கும், "ஏப்பா, கார்டு வந்திருச்சா?" கார்டு வந்தது. கடன் வாங்கிய சட்டையில் போனார். போய்வந்து அவர் சொன்னதை எங்கள் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அப்பா பேர் கேட்டாகளாம். எந்த ஊரு, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டாகளாம். என்.சி.சி. உண்டா என்று கேட்டாகளாம். விளையாட்டு என்ன என்றதற்கு இவர் சடுகுடு என்றிருக்கிறார். சர்டிபிகேட் இருக்கா என்றாகளாம். எழுந்து வரும்போது, வெளியே உட்கார்ந்திருந்தவன் வெற்றிலை மடித்து முடிக்கவில்லை.

அந்த 75 மதிப்பெண்ணுக்கு அரசு வைத்திருந்த தலைப்புகளைப் பின்னாளில் தீர்ப்பு ஒன்றில் படித்தேன்: விளையாட்டு அல்லது என்.சி.சி.; பாடம் கடந்த சிறப்புச் சேவைகள்; உடல்நிலையும் தாங்குதிறனும்; பொதுத் திறன்; நாட்டம். ஐந்தில் முதல் இரண்டும் பள்ளிக்கூடத்தின் வசதியைப் பொறுத்தவை. என்.சி.சி. இல்லாத பள்ளியில் படித்தவனிடம் என்.சி.சி. கேட்பது, கிணறு இல்லாதவனிடம் நீச்சல் கேட்பதுதான். 'பொதுத் திறன்' என்பது யாருடைய பொது? நாற்காலியில் சாயாமல், மொட்டையாகவும் பேசாமல், நீட்டியும் பேசாமல், ஆங்கிலத்தில் தயங்காமல் உட்காரத் தெரிந்திருப்பதா? இந்த உடல்மொழி சில வீடுகளில் தாய்ப்பாலோடு வருகிறது. வேறு சில வீடுகளில் பெரியவர்கள் முன்னால் உட்காரக்கூடாது என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். (பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இடைசெவல்காரர் கி. ராஜநாராயணனைப் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. பதினேழு வயதில் ஏதாவதொரு குழு முன்னால் அவரை நிறுத்தியிருந்தால் பொதுத் திறனுக்கு எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.)

இந்த முறையை எதிர்த்து மாணவர்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1970 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. 275இல் 75 என்பது மேற்பார்வைக்கே மிகை. மூன்று நிமிடப் பேச்சில் ஒருவருடைய திறனை எடைபோட முடியாது. தலைப்புவாரியாகப் போடவேண்டிய மதிப்பெண்ணை மொத்தமாகப் போட்டது தவறு. அலகுவாரியாகப் பிரித்ததும் சமத்துவத்துக்கு எதிரானது என்று நீதிமன்றம் கண்டது. இதில் மொத்தமாகப் போட்டது பற்றிய பகுதியை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். தலைப்புவாரியாகப் போட்டிருந்தால் 'விளையாட்டுக்கு ஏன் பூஜ்யம்' என்று கேட்கலாம். மொத்தமாக 22 என்று போட்டுவிட்டால் அந்த 22 எதனால் ஆனது என்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. கட்டுடைக்க முடியாத பிரதி அது.

பத்தாண்டு கழித்து, 1980 நவம்பரில், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் இதே கதை. மொத்தம் 150, அதில் நேர்முகம் 50. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். கேட்ட கேள்விகளோ பெற்றோரைப் பற்றி, வசிப்பிடம் பற்றி. 15 விழுக்காட்டுக்கு மேல் வைப்பது தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். நேர்முகத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்யலாமே என்ற யோசனையையும் சொன்னது. ஆனால் நடந்த சேர்க்கையை அது ரத்துசெய்யவில்லை. ரொம்ப நாள் ஆகிவிட்டதாம். காத்திருந்தவர்கள் ஜெயித்தும் தோற்றார்கள்.

பெற்றோர் பெயரும் ஊரும் காஷ்மீரத்தில் என்ன சொல்லும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் 'எந்தத் தெரு' என்று கேட்டால் போதும், அடுத்த கேள்வி வேண்டாம். அண்ணனிடம் கேட்ட மூன்று நிமிடக் கேள்விகளில் அந்த ஒன்றுக்குத்தான் அவர் சரியான பதில் சொன்னார் என்று பெரியப்பா கடைசிவரை கசப்போடு சொல்லிக்கொண்டிருந்தார். இடம் கிடைக்கவில்லை. அவர் பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்து வாத்தியாராகி ஓய்வும் பெற்றுவிட்டார்.

தமிழ்நாடு இந்த இடத்தில் வேறொரு திசையில் நடந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. 2006இல் இயற்றிய சட்டத்தால் அது போய், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையானது. 1997 முதல் பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு. அந்தக் காத்திருப்பை நினைத்துப்பாருங்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, சோற்றுப் பொட்டலத்தோடு அப்பனும் மகளும் கிண்டியில் போய் இறங்குவார்கள். அரங்கத் திரையில் கல்லூரிவாரியாக, சாதிப்பிரிவுவாரியாகக் காலி இடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க எண்கள் குறையும். முன்னால் எத்தனை பேர், தனக்கு என்ன கட்-ஆஃப், சமமாக வந்தால் ரேண்டம் நம்பர் எவ்வளவு என்பதெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் தகப்பனுக்கும் தெரியும். வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் அது பந்தியில் இடத்துக்கு நிற்கும் காத்திருப்பு. இலை எத்தனை கிடக்கிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. 2018இலிருந்து அது இணையத்துக்குப் போய்விட்டது, கிண்டிப் பயணம் மிச்சம்.

பட்டியலை நான் புனிதப்படுத்தவில்லை. மதிப்பெண் என்பதும் ஒரு கட்டமைப்புத்தான். 2017இல் நீட் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, எண்ணும் எப்படி ஒரு மூடிய கதவாக முடியும் என்பதைப் பார்த்தோம். பயிற்சி மையத்துக்குக் கட்ட முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இடையில் அந்த எண் கோடு கிழித்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் தேவைப்பட்டதே அதனால்தான். விலக்குக் கேட்டுச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றிய மசோதா, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறி, டெல்லிக்குப் போய், மறுக்கப்பட்டது என்ற சேதி 2025 ஏப்ரலில் வந்தது. ஒரு மாநிலத்தையே கார்டுக்காகத் திண்ணையில் உட்காரவைக்கலாம் போலிருக்கிறது.

ஆனாலும் எண்ணை வைத்துச் சண்டை போடலாம். நேர்முகத்தின் அநீதியையே எண்களை வைத்துத்தான் நிரூபிக்க முடிந்திருக்கிறது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் படிப்புச் சேர்க்கைக்கு எழுத்துத்தேர்வு 70, வாய்மொழித்தேர்வு 30 என்று இருந்தது. எழுத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் வாய்மொழியில் ஒற்றை எண்ணுக்கு இறங்குவதை மாணவர் அமைப்புகள் தொடர்ந்து சொல்லிவந்தன. அப்துல் நஃபே தலைமையிலான குழு தரவுகளைப் பார்த்துவிட்டு, பாகுபாட்டைச் சுட்டும் போக்கு உண்டென்றும் வாய்மொழியை 15ஆகக் குறைக்கவேண்டும் என்றும் 2016இல் சொன்னது. அதே 2016இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய விதி என்ன செய்தது? எழுத்துத்தேர்வை வெறும் தகுதிக்கோடாக்கி, தேர்வு முழுவதையும் வாய்மொழியிடம் ஒப்படைத்தது. 2017 மார்ச்சில் டெல்லியில் இறந்துபோன சேலத்துத் தலித் ஆய்வுமாணவர் தம் கடைசி முகநூல் பதிவில் இந்தச் சேர்க்கையிலும் வாய்மொழித்தேர்விலும் சமத்துவம் இல்லை என்றுதான் எழுதியிருந்தார். பலமுறை முயன்று அங்கே இடம்பிடித்தவர் அவர்.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஹார்வர்ட் மீதான வழக்கு 2018இல் விசாரணைக்கு வந்தபோது உள் ஆவணங்கள் வெளியாயின. ஆசிய வழி அமெரிக்க மாணவர்களுக்கு 'ஆளுமை' மதிப்பீட்டில் குறைவாகப் போட்டவர்கள் சேர்க்கை அலுவலகத்தார். அந்த மாணவர்களில் பெரும்பாலோரை அவர்கள் நேரில் பார்த்ததே இல்லை. கோப்பைப் பார்த்துப் போட்டார்கள். நேரில் உட்கார்ந்து பேசிய முன்னாள் மாணவர்களோ அவர்களை ஏறக்குறைய வெள்ளை மாணவர்களுக்கு இணையாகவே மதிப்பிட்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்தவன் நியாயமாக இருந்திருக்கிறான், தாளைப் பார்த்தவன் சாதி பார்த்திருக்கிறான். எனவே முகத்துக்கு முகம் பேசுவதே தீங்கு என்று நான் எழுதினால் அது பொய்யாகும். (இந்த வழக்கைக் காட்டி 2023இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கறுப்பின மாணவர்களுக்கான இனவழிச் சலுகையையே ஒழித்துக்கட்டியது வேறு கதை. நம்மூரில் 'தகுதி' பேசுகிறவர்களுக்கு அது இனித்தது. ஆளுமை மதிப்பீட்டைப் பற்றி அவர்கள் மூச்சுவிடவில்லை.)

ஆகவே என் மருமகளுக்கு யாராவது ஒருவர் வந்து பேசியிருந்தால் நல்லதாகவும் இருந்திருக்கலாம். அவள் நன்றாகப் பேசுவாள்.

ஆனால் எதைப் பேசுவது என்பதிலும் இப்போது ஒரு சிக்கல். சென்னையில் இதற்கெல்லாம் ஆலோசனை சொல்லும் தெரிந்தவர் ஒருவர் போனில் அவளிடம் சொன்னார்: "தீப்பெட்டிக் கதையைச் சொல்லும்மா. சின்ன வயசுல பெட்டி ஒட்டினது, அம்மா கை மருந்து வாடை, அதெல்லாம். அவங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்." 1970இல் மறைக்கவேண்டியிருந்த வீடு இன்றைக்குக் காட்டவேண்டிய வீடாகியிருக்கிறது. முன்பு விளிம்பில் இருப்பவன் மையத்தின் மொழியைப் பேசிக்காட்ட வேண்டும். இப்போது மையம் எதிர்பார்க்கும் விளிம்பைப் பேசிக்காட்ட வேண்டும். வறுமை ஒரு நிகழ்த்துகலையாகிறது. நன்றாக நிகழ்த்தியவருக்கு இடம். இரண்டிலும் கேள்வி கேட்கிற நாற்காலி மட்டும் இடம் மாறவில்லை.

பிள்ளை போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "நான் ஒருநாளும் பெட்டி ஒட்டலையே மாமா. அம்மாவும் கணக்குத்தான எழுதுது. நான் செஸ் விளையாடினேன், கிணத்துத் தண்ணி உப்பு எவ்வளவுன்னு மூணு வருஷமா அளந்து எழுதி வச்சிருக்கேன். அதைச் சொன்னாப் போதாதா?" போதும் என்று சொன்னேன். போதுமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

மாசி பிறந்து பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. இந்த ஆண்டு உங்கள் பகுதியில் நேர்காணல் ஏற்பாடு செய்ய இயலவில்லை. முடிவு மார்ச் இறுதியில் அறிவிக்கப்படும். உங்கள் பொறுமைக்கு நன்றி. எது எங்கள் பகுதி என்பதை இந்தத் தடவையும் அவர்கள் சொல்லவில்லை. அவள் அதை இரண்டு தரம் படித்துவிட்டுப் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு வேதியியல் படிக்கப் போய்விட்டாள். பொறியியல் விண்ணப்பத்துக்கு வேண்டிய சான்றிதழ்களைத் தங்கை ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள்.

பெரியப்பா மகனுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது, காது மந்தம். சாயங்காலம் மிளகாய் வத்தல் காயும் களத்தைச் சுற்றி நடந்துவிட்டு எங்கள் திண்ணைக்கு வருவார். மின்னஞ்சல், முன்னாள் மாணவர் என்று எவ்வளவோ விளக்கிச் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்கிறார்:

"தாயி, கார்டு வந்திருச்சா?"